"பைதான் இருக்கு மேடம், ஆனா இல்லைங்குது": யுவியுடன் ஒரு வருடம்

ஜூலை இரண்டாவது வாரம் எங்கள் லேபுக்கு வந்து பாருங்கள். "பைதான் இருக்கு மேடம், ஆனா இல்லைங்குது" என்று ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து நிற்கும். பைதான் நாங்கள் நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கும் மொழி. ஸ்டார்ட் மெனுவில் அது இருக்கிறது. கறுப்புத் திரையில் பைதான் என்று அடித்தால் அப்படி ஒரு கட்டளையே தெரியாது என்கிறது. அடுத்த வரிசையில் இன்னொருவன், "பாண்டாஸ் இன்ஸ்டால் ஆச்சு மேடம், இம்போர்ட் மட்டும் ஆகல" என்பான். கடைசி வரிசைக்காரன் எழவே மாட்டான். அவன் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து, அவன் கையில் ரீல்ஸ்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் 14 வருடமாக லேப் அசிஸ்டென்ட் வேலை. 36 சிஸ்டம், எல்லாம் விண்டோஸ், எல்லாவற்றிலும் "ஸ்டூடன்ட்" என்ற ஒரே லாகின். அட்மின் பாஸ்வேர்டு என்னிடம் கிடையாது. அது மெயின் பிளாக்கில் இருக்கும் சிஸ்டம் அட்மின் சாரிடம் இருக்கிறது. அவரைப் பிடிப்பது தனி வேலை. இந்தச் சூழலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் யுவி என்ற கருவி எனக்குப் பிடித்துப்போனதற்குப் பாதிக் காரணம் இதுதான். வேகம் அப்புறம்தான்.

பெயரைக் கேட்டதும் துறைத் தலைவர், "யுவராஜ் சிங்கா?" என்றார். 2007-இல் டர்பனில் ஒரே ஓவரில் ஆறு சிக்ஸர் அடித்த யுவி எங்கள் தலைமுறைக்கு. பிள்ளைகளுக்கு அந்த ஜோக் புரியவில்லை. இந்த யுவி ஆஸ்ட்ரல் என்ற நிறுவனம் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட கருவி, ரஸ்ட் மொழியில் எழுதியது. காசு கிடையாது, மூல நிரலும் திறந்தே இருக்கிறது. பைதானை நிறுவுவது, ஒவ்வொரு வேலைக்கும் தனிச் சூழல் (அந்த வேலைக்கு மட்டுமான பைதானும் நூலகங்களும் இருக்கும் இடம்) போடுவது, பாண்டாஸ் மாதிரி நூலகங்களை, அதாவது பிறர் எழுதிவைத்த தயார் நிரல்களை, இறக்குவது என மூன்று நான்கு கருவிகள் பங்கு போட்டுச் செய்துவந்ததை இது ஒன்றே செய்கிறது.

அதற்கு முன்னால் நான் என்ன பாடு பட்டேன் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் இந்த மதிப்புரைக்கே அர்த்தம் இல்லை.

வெளியிலிருந்து பார்க்கும்போது எல்லாப் பிழையும் "இன்ஸ்டால் ஆகல மேடம்" என்ற ஒரே வடிவத்தில்தான் வரும். உள்ளே போய்ப் பார்த்தால் பத்தில் ஏழு ஒரே நோய்: ஒரு சிஸ்டத்தில் இரண்டு பைதான், சில சமயம் மூன்று. பிளஸ் டூ கணினி அறிவியலில் பைதான் இருப்பதால் பிள்ளைகள் வீட்டு லேப்டாப்பில் அப்போதே ஒன்று போட்டு வைத்திருப்பார்கள். கல்லூரிக்கு வந்ததும் யூடியூப் பார்த்து இன்னொன்று. அப்புறம் அனகோண்டா என்ற, பைதானோடு நூலகங்களும் சேர்ந்து வரும் தொகுப்பைப் போடச் சொல்லி சீனியர் அண்ணன் கொடுத்த அறிவுரையில் மூன்றாவது. நூலகங்களை இறக்கும் பழைய கருவியான பிப் ஒரு பைதானுக்குள் பாண்டாஸைக் கொண்டுபோய் வைக்கும், நிரலை ஓட்டுவது வேறொரு பைதான். இரண்டும் தத்தம் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கும்.

ஒரு மாணவியின் லேப்டாப்பில், பைதான் எங்கெங்கே இருக்கிறது என்று பார்க்க "வேர் பைதான்" என்று அடித்தேன். மூன்று வரி வந்தது. முதல் வரி சி டிரைவில் நேரடியாக ஒரு பைதான் ஃபோல்டர், பிளஸ் டூ காலத்தது. இரண்டாவது அவளுடைய யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டாவில் ஒளிந்திருந்த புதியது. மூன்றாவது விண்டோஸ்ஆப்ஸ் என்ற ஃபோல்டருக்குள் இருந்தது. அதன் அளவைப் பார்த்தால் 0 பைட். அந்தப் பிள்ளைக்கு ஒரே சிரிப்பு, "காலி பைதானா மேடம்?" என்றாள். காலிதான். விண்டோஸ் 10-இன் 2019 மே அப்டேட்டிலிருந்து, பைதான் போடாத சிஸ்டத்தில் அந்தப் பெயரை அடித்தால் ஆப் ஸ்டோர் பக்கம் திறக்கும். அதற்கான வாசல்தான் அந்தக் கோப்பு. வரிசையில் எது முதலில் இருக்கிறதோ அதுதான் ஓடும் என்று காட்டிக் கொடுத்தேன். முதலாவதில் பாண்டாஸ் இல்லை, இரண்டாவதில் இருந்தது. விஷயம் அவ்வளவுதான். ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஒரு பீரியட் போனது.

மீதி மூன்றில் ஒன்று, நிறுவும்போது முதல் திரையின் அடியில் இருக்கும் "பாத்தில் சேர்" என்ற கட்டத்தை யாரும் கவனிக்காதது. பாத் என்பது, ஒரு கட்டளையை அடித்தால் விண்டோஸ் வரிசையாகத் தேடிப் பார்க்கும் ஃபோல்டர் பட்டியல். அந்தக் கட்டம் டிக் இல்லாமல்தான் வரும். இன்னொன்று அக்டோபர் நோய். ஒவ்வொரு அக்டோபரிலும் பைதானின் புது வெளியீடு வரும்: 2024-இல் 3.13, 2025-இல் 3.14. பிள்ளைகள் தளத்துக்குப் போய்ப் பெரிய மஞ்சள் பட்டனை அழுத்திப் புத்தம் புதியதை இறக்குவார்கள். சி மொழியில் எழுதிய பகுதிகள் உள்ள நூலகங்கள் ஒவ்வொரு பைதானுக்கும் தனித்தனியாகக் கட்டித் தரப்படுபவை. கோப்பின் பெயரில் சிபி312 என்று இருந்தால் அது 3.12-க்கு மட்டும். புதியதற்கு இன்னும் கட்டித் தராத நூலகத்தைக் கேட்டால், பிப் மூல நிரலை இறக்கி அங்கேயே கட்டப் பார்க்கும். "விசுவல் சி++ 14.0 தேவை" என்று நின்றுவிடும். பிள்ளைகள் அதையும் தேடிப் பிடித்து ஜிபி கணக்கில் இறக்கத் தொடங்குவார்கள், ஹாஸ்டல் நெட்டில். தேவையான ஒரே மருந்து ஒரு வெளியீடு பழைய பைதான்.

சரி, யுவிக்கு வருகிறேன்.

நிறுவுவது பவர்ஷெல் என்ற விண்டோஸ் கட்டளைத் திரையில் ஒரே வரி. அட்மின் பாஸ்வேர்டு கேட்காது. யூசர் ஃபோல்டருக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். அது கொண்டுவரும் பைதானும் அப்படித்தான். மெயின் பிளாக்குக்கு நடக்க வேண்டியதில்லை என்று தெரிந்ததும் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை அந்தக் கருவியை எழுதியவர்கள் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பயிற்சிக்கான ஃபோல்டர் ஒன்றை நான் முதலில் தயார் செய்கிறேன். அதில் எந்தப் பைதான் வேண்டும் என்று ஒரு சின்னக் கோப்பில் 3.12 என்று எழுதியிருக்கும். என்னென்ன நூலகம் வேண்டும் என்பது இன்னொரு கோப்பில். அவற்றின் துல்லியமான பதிப்பு எண்களை யுவியே ஒரு பூட்டுக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்கிறது. இந்த ஃபோல்டரை 36 சிஸ்டத்துக்கும் நகலெடுத்து, "யுவி சிங்க்" என்று அடித்தால் போதும். 3.12 இல்லையென்றால் தானே இறக்கும், தனிச் சூழல் போடும், நூலகங்களை அதே பதிப்பில் வைக்கும். பிள்ளைகள் "யுவி ரன்" போட்டு நிரலை ஓட்டுகிறார்கள். சூழலை ஆக்டிவேட் செய்கிற சடங்கு இல்லை. அதனால் "இந்த சிஸ்டத்தில் ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதி இல்லை" என்று பவர்ஷெல் மறுக்கும் அந்தப் பழைய தொல்லையும் இல்லை. எந்தப் பைதான் என்ற கேள்விக்கே இடமில்லை. அந்த ஃபோல்டரில் இருப்பதுதான் அந்த ஃபோல்டரின் பைதான்.

வேகம் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பிப்பைவிடப் பத்திலிருந்து நூறு மடங்கு என்று ஆஸ்ட்ரல்காரர்களே போட்டிருக்கிறார்கள். நான் மடங்கு கணக்கெல்லாம் பார்க்கவில்லை. முதல் முறை எங்கள் நெட் எவ்வளவோ அவ்வளவுதான் யுவியும். வித்தியாசம் இரண்டாவது முறை தெரியும். முன்பு ஒரு பேட்சுக்கு பிப் ஓடி முடிவதற்குள் வருகைப் பதிவு எடுத்து முடித்துவிடுவேன். இப்போது முதல் பெயரைக் கூப்பிடுவதற்குள் முடிந்துவிடுகிறது. காரணம், இறக்கிய எல்லாவற்றையும் யுவி ஒரு பொதுக் கிடங்கில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஃபோல்டருக்கும் அதிலிருந்து ஹார்ட் லிங்க் மட்டும் போடுகிறது. அதாவது, டிஸ்க்கில் பொருள் ஒன்றுதான், அதற்குப் பல பெயர்ப் பலகைகள். பாண்டாஸ், நம்பை, மேட்பிளாட்லிப், சைகிட்லேர்ன் எல்லாம் சேர்ந்து ஒரு சூழலுக்கு 300 எம்பிக்கு மேல் போகும். மூன்று பேட்ச், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஃபோல்டர் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு விஷயம் எனக்குத் தெரியாமல் முதல் வாரம் ஏமாந்தேன். கிடங்கு சி டிரைவில், பிள்ளைகளின் ஃபோல்டர்கள் டி டிரைவில். ஹார்ட் லிங்க் ஒரே டிரைவுக்குள்தான் போட முடியும். லிங்க் போட முடியவில்லை, முழு நகலே எடுக்கிறேன் என்று மஞ்சள் எழுத்தில் யுவி ஒழுங்காகத்தான் சொல்லியிருந்தது. மஞ்சளை யார் படிக்கிறார்கள்? சிவப்பையே படிப்பதில்லை. யுவியின் கேஷ் டைரக்டரி, அதாவது அந்தக் கிடங்கு, எங்கே என்று சொல்லும் என்விரான்மென்ட் வேரியபிளில் டி டிரைவைக் காட்டிய பிறகுதான் அந்த மேஜிக் வேகம் வந்தது. இதைப் படிப்பவர்களில் இரண்டு டிரைவ் வைத்திருப்பவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள். ஒன்டிரைவ் மாதிரி மேகத்தோடு இணைந்த ஃபோல்டருக்குள் வேலை செய்தாலும் ஹார்ட் லிங்க் ஒத்துவராது. லிங்க் மோடை காப்பி என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

அதே ஹார்ட் லிங்க் செப்டம்பரில் இன்னொரு வேடிக்கை காட்டியது. சிஸ்டம் 9-இல் காலை பேட்ச் நன்றாக ஓட்டிவிட்டுப் போனது. மதிய பேட்ச் உட்கார்ந்ததும் பாண்டாஸ் இம்போர்ட் ஆகும்போதே சிண்டாக்ஸ் எர்ரர். இன்னொரு பிள்ளையின் ஃபோல்டரைத் திறந்தேன், அதிலும் அதே. புதிதாக ஒரு சூழல் போட்டேன், அதிலும் அதே. எனக்குக் கொஞ்சம் பயமே வந்துவிட்டது. பிழை எந்த வரி என்று பார்த்தால், பாண்டாஸின் உள்ளேயே ஒரு கோப்பின் நடுவில் "jkl" மாதிரி மூன்று எழுத்து சும்மா நின்றது என்று எழுத ஆசை. உண்மையில் நின்றது ஒரு பையனின் பெயரின் முதல் நான்கு எழுத்து. காலையில் அவன் எடிட்டரில் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு ஒரு ஃபங்ஷன் பெயரை கிளிக் செய்திருக்கிறான், அது பாண்டாஸின் உள் கோப்பைத் திறந்துவிட்டது. தன் கோப்பு என்று நினைத்துப் பெயரைத் தட்டி, சேவ் செய்திருக்கிறான். பெயர்ப் பலகை பல, பொருள் ஒன்று என்றேனே. ஒரு வாசல் வழியாகப் போய்க் கிறுக்கினால் எல்லா வாசலிலும் கிறுக்கல்தான். கிடங்கைத் துடைத்து, சூழலை அழித்து, மறுபடி சிங்க் செய்ததும் சரியானது. அந்தப் பையன் மறுநாள் சாக்லெட் கொண்டுவந்தான். நான் வாங்கவில்லை என்று சொன்னால் பொய்.

இனி, யுவியால் ஆகாதவை.

சிஸ்டம் 17. மற்ற 35-இலும் போன யுவி இதில் மட்டும் போகவில்லை. இணையதளம் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழ் செல்லாது என்று வந்தது. கேபிளை மாற்றினேன், நெட் வந்துகொண்டுதான் இருந்தது. ஆன்ட்டிவைரஸை நிறுத்திப் பார்த்தேன். ஒரு மாணவன் போகிற போக்கில், "மேடம், இதுல மட்டும் 2018-ன்னு காட்டுது" என்றான். வலது கீழ் மூலையில் கடிகாரம். மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி செத்திருக்கிறது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் சிஸ்டம் பழைய தேதிக்குப் போய்விடுகிறது. 2018-இல் உட்கார்ந்திருக்கும் சிஸ்டத்துக்கு இன்றைய இணையதளத்தின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லாதது, எப்படி நம்பும்? சிஆர்2032 பேட்டரி ஒன்றை பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடிகாரக் கடையில் வாங்கிப் போட்டேன். தேதியைத் திருத்தியதும் யுவி ஒரே மூச்சில் ஏறியது. இதைக் கருவியின் குறையாகச் சொல்லவில்லை. இன்ஸ்டால் ஆகாத சிஸ்டம் எதுவானாலும் நான் இப்போது முதலில் பார்ப்பது தேதியைத்தான்.

ஃபயர்வால் கதை கொஞ்சம் நுணுக்கமானது. கல்லூரி ஃபயர்வால் எல்லா இணையப் போக்குவரத்தையும் பிரித்துப் பார்த்துத் தன் சொந்தச் சான்றிதழை ஒட்டி அனுப்பும். அந்தச் சான்றிதழை விண்டோஸில் ஏற்கெனவே ஏற்றியிருப்பதால் பிரவுசருக்குப் பிரச்சினை இல்லை. பிப்பும் 24.2 பதிப்பிலிருந்து விண்டோஸின் சான்றிதழ்க் கிடங்கையே பார்க்கிறது. யுவியோ, நான் போட்ட பதிப்பில், தன்னோடு கொண்டுவரும், நம்பகமான சான்றிதழ்களின் மொசில்லா பட்டியலைத்தான் நம்பும். சான்றிதழ் கொடுத்தது யாரென்று தெரியவில்லை என்ற பொருளில் "அன்னோன் இஷ்யூயர்" என்று நிற்கும். நேட்டிவ் டிஎல்எஸ் என்ற விருப்பத்தை இயக்கினால் விண்டோஸின் கிடங்கைப் பார்க்கத் தொடங்கிவிடும். ஒரு வரி வேலை. ஆனால் அந்த ஒரு வரி தெரியாதவருக்கு, "பிப் போகுது, யுவி போகல, பழசே நல்லது" என்றுதான் தோன்றும். எங்கள் பக்கத்துத் துறையில் அப்படிச் சொல்லியே கைவிட்டார்கள்.

எனக்குப் பெரிய தலைவலி மனிதர்களின் விரல்கள்தான். யுவி போடும் சூழலுக்குள் பிப் இருக்காது. நாமாகக் கேட்டால்தான் வைக்கும். ஆனால் பிள்ளைகளின் விரல் தூக்கத்தில்கூட "பிப் இன்ஸ்டால்" என்றுதான் அடிக்கும். யூடியூப் முழுக்க அதுதானே? பழைய பைதான் ஒன்று பாத்தில் கிடந்தால், அந்தப் பைதானின் பிப் சந்தோஷமாக ஓடி, "வெற்றிகரமாக நிறுவப்பட்டது" என்று சொல்லிவிட்டு, நூலகத்தை வேறெங்கோ கொண்டுபோய் வைக்கும். பழைய நோய் கொல்லைப்புறமாக மறுபடி உள்ளே வந்துவிடும். அதனால் லேப் சிஸ்டங்களிலிருந்து பழைய பைதான்களை அடியோடு எடுத்துவிட்டேன். இப்போது பிப் என்று அடித்தால் கட்டளை தெரியாது என்று நின்றுவிடும். நூலகம் சேர்க்க "யுவி ஆட் அடிங்கப்பா" என்பேன். வேலை நடந்த மாதிரி நடிப்பதைவிட நின்றுபோவது எவ்வளவோ மேல்.

இன்னொரு குறை: பிளஸ் டூவில், பைதானோடு வரும் ஐடில் என்ற எடிட்டரில் பழகிய பிள்ளைகள், "ஐடில் எங்க மேடம்?" என்று கேட்கிறார்கள். ஸ்டார்ட் மெனுவில் யுவி ஒன்றும் வைப்பதில்லை. யுவி வழியாக ஐடில்லிப் மாட்யூலை ஓட்டினால் ஐடில் திறக்கும். அதை இரட்டைக் கிளிக்கில் ஓடும் ஒரு கோப்பாக எழுதி டெஸ்க்டாப்பில் வைத்துக் கொடுத்தேன். முதல் செமஸ்டருக்கு அதுவே போதும்.

நெட் இல்லாத நாளுக்கும் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறேன். நூலகக் கோப்புகளை ஒரு ஷேர்டு ஃபோல்டரில் சேர்த்து, வெளியே போகாதே, இங்கே மட்டும் தேடு என்று யுவிக்குச் சொல்லிவிடலாம். பைதானையும் அப்படியே உள்ளூர் ஃபோல்டரிலிருந்து எடுக்க வைக்கலாம். ஆனால் பாருங்கள், நிறுவாமல் கோப்புகளை மட்டும் இறக்கி வைக்க பிப்பில் இருக்கும் "டவுன்லோட்" மாதிரி ஒரு கட்டளை நான் வைத்திருக்கும் யுவியில் இல்லை. அந்த ஒரு வேலைக்காக என் சிஸ்டத்தில் மட்டும் பிப்பை வைத்திருக்கிறேன், வீட்டில் பழைய அம்மியை வைத்திருப்பது போல.

இதனால் பிள்ளைகள் பாத் என்றால் என்ன என்றே கற்காமல் போகிறார்கள் என்று ஒரு பேராசிரியர் வருத்தப்பட்டார். நியாயம்தான். அதனால் முதல் வகுப்பில் மட்டும் "வேர் பைதான்" போட்டுக் காட்டி, வரிசையை மாற்றி, இரண்டு பைதான்களும் சண்டை போடுவதை அவர்கள் கண்ணாலேயே பார்க்க வைக்கிறேன். நாற்பது நிமிடம். அதற்கு மேல் அதில் கற்க ஒன்றுமில்லை. ஒரு செமஸ்டர் முழுக்க அதிலேயே உழன்றவர்கள் பாத்தைக் கற்றுக்கொண்டு போகவில்லை, பைதான் மேல் வெறுப்பைத்தான் எடுத்துக்கொண்டு போனார்கள்.

நட்சத்திரம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் 5-க்கு 4. ஒன்றைக் குறைத்தது பிழைச் செய்திகளுக்காக. தெளிவாகவே எழுதுகிறார்கள், ஆனால் எல்லாம் தெரிந்தவருக்குத் தெளிவு. "அன்னோன் இஷ்யூயர்" என்பதைப் பார்த்து ஃபயர்வாலை நினைக்கிற பிள்ளை எங்கள் ஊரில் இல்லை.

நவம்பர் பிராக்டிகலில் வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் சார், பாதியில் ஒரு சிஸ்டம் படுத்துவிட்டதும், "அந்தப் பிள்ளைக்கு இன்னொரு நாள் வைக்கலாமா?" என்று கேட்டார். நான் பென் டிரைவிலிருந்து ஃபோல்டரைப் பக்கத்து சிஸ்டத்தில் போட்டு சிங்க் கொடுத்தேன். அவர் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அந்தப் பிள்ளை மறுபடி டைப் செய்யத் தொடங்கிவிட்டாள். அவர் கருவியின் பெயரை எழுதிக்கொண்டு போனார்: யு, வி.

மாற நினைக்கும் லேப்காரர்களுக்கு ஒன்று: செமஸ்டர் நடுவில் கை வைக்காதீர்கள். மே மாதம் லேப் காலியாக இருக்கும்போது பழைய பைதான்களை எடுத்துவிட்டு, 36 கடிகாரத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.